பூட்டிக் கிடந்த மாடி வீடும் பாக்கி வாடகையும்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் மதுரையில் வழக்கறிஞராக இருக்கிறேன். வாடகைப் பிரச்சினை என்றாலே வீட்டைக் காலி செய்ய மறுப்பவர்கள்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருவார்கள். நான் இன்று பேச வந்திருப்பது, ஒப்பந்தக் காலம் முடிவதற்கு முன்பே பாக்கி வைத்துவிட்டுச் சொல்லாமல் போய்விடுகிறவர்களைப் பற்றி.

கொஞ்ச காலத்துக்கு முன் ஓர் அம்மா என்னிடம் வந்தார்கள். கணவர் இல்லை. மாடி வீட்டு வாடகை 9,000 ரூபாய்தான் அவர்களுக்கு மாத வருமானம். கையில் ஒரு நீள நோட்டு வைத்திருந்தார்கள். வாடகை வாங்கிய தேதி, தொகை, குடியிருந்தவரின் கையெழுத்து எல்லாம் மார்ச் மாதம் வரை வரிசையாக இருந்தன. ஏப்ரல், மே, ஜூன் மூன்றுக்கும் மாதத்தின் பெயரை மட்டும் எழுதி, எதிரே இடம் விட்டிருந்தார்கள். ஜூன் 28 காலையில் மாடி ஏறிப் பார்த்தால் கதவு வெறுமனே சாத்தியிருக்கிறது, சாவி ஜன்னல் திட்டில் கிடக்கிறது, வீட்டில் ஆள் இல்லை.

"வக்கீலம்மா, அக்ரிமென்ட் நவம்பர் வரைக்கும் இருக்கு. மூணு மாசப் பாக்கி, இன்னும் அஞ்சு மாசம், மொத்தம் 72,000 வரணும். அட்வான்ஸ் 20,000 எங்கிட்ட இருக்கு, அது தனி" என்றார்கள். யாரோ அப்படிக் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கு தவறு. நியாயமாகக் கிடைக்க வேண்டிய பணத்தையும் கிடைக்கவிடாமல் செய்வது பல நேரம் இப்படிப்பட்ட கணக்குதான்.

குடியிருந்த நாளுக்கான வாடகை வேறு, குடியிருக்காத நாளுக்கான இழப்பு வேறு. முதலாவது கடன். மூன்று மாதம் இருந்தார்கள், 27,000 ரூபாய் தர வேண்டும், அதில் பேச்சுக்கு இடமில்லை. இரண்டாவது நஷ்ட ஈடு. ஒப்பந்தத்தை மீறியவர் மற்றவருக்கு உண்மையில் ஏற்பட்ட இழப்பைத் தர வேண்டும் என்பதுதான் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம். அந்த இழப்பைக் குறைக்க நீங்கள் என்ன செய்தீர்கள் என்றும் பார்ப்பார்கள். வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டு ஐந்து மாத வாடகை கேட்டால் நிற்காது. வாசலில் போர்டு மாட்டினீர்களா, புரோக்கரிடம் சொன்னீர்களா என்ற கேள்விகள் வரும்.

நம் ஊரில் இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆனி கடைசியில் ஒருவர் காலி செய்துவிட்டால், ஆடியில் பெரும்பாலும் யாரும் குடி வரமாட்டார்கள். ஆவணி பிறக்க வேண்டும். அந்த இடைவெளி உண்மையான இழப்புதான். போர்டு மாட்டிய தேதி, வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள், புதிய குடித்தனம் வந்த நாள் எல்லாவற்றையும் குறித்து வைத்திருந்தால் அந்த இழப்பைக் காட்ட முடியும்.

இந்த அம்மாவின் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. காலி செய்ய ஒரு மாதம் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு மாத வாடகை தர வேண்டும். அப்படியானால் நவம்பர் வரை கேட்க வழியில்லை, அந்த ஒரு மாதம்தான். பாக்கி 27,000, முன்னறிவிப்புக்குப் பதிலாக 9,000, கரண்ட் பில் 1,400. மொத்தம் 37,400. அட்வான்ஸ் 20,000 போக 17,400 ரூபாய். அம்மாவின் முகம் வாடிவிட்டது. எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் 17,400-ஐ ரூபாய் பிசகாமல் நிரூபிக்க முடியும்.

கரண்ட் பில்லை இங்கே சொல்லியாக வேண்டும். மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங் எடுக்கிறது. குடியிருந்தவர் நடுவில் போய்விட்டால் அவர் எரித்த யூனிட்டுக்கான பில் பிறகுதான் வரும். அதனால் வீடு காலி என்று தெரிந்த அன்றே மீட்டரில் உள்ள எண் தெளிவாகத் தெரியும்படி போட்டோ எடுத்துவிடுங்கள். அப்புறம் ஒவ்வொரு அறையையும் எடுங்கள். சாமான் ஏதாவது விட்டுப் போயிருந்தால் அக்கம்பக்கத்தில் இருவரை வைத்துப் பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பாக்கிக்கு ஈடாக அந்தச் சாமானை விற்காதீர்கள்.

அட்வான்ஸ் தனியான பணம் அல்ல. 2017-ஆம் ஆண்டு தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வீடு காலியான ஒரு மாதத்துக்குள், பாக்கியைக் கழித்துக்கொண்டு அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது அது. ஆகவே கழித்த கணக்கை எழுதி அனுப்புவது உங்கள் பொறுப்பு.

நிறையப் பேர் முதலில் காவல் நிலையத்துக்குத்தான் போகிறார்கள். வாடகை தராமல் இருப்பது மட்டுமே குற்றமாகாது, அது சிவில் விவகாரம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. வாடகைக்காகக் கொடுத்த காசோலை பணமில்லாமல் திரும்பியிருந்தால் கதை வேறு. வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாளில் அவர் பணம் தரவில்லை என்றால், அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்யலாம்.

அம்மாவுக்காக ஒரே பக்கத்தில் நோட்டீஸ் எழுதினோம். மாதவாரியாகத் தொகை, கழித்த அட்வான்ஸ், மீதி, பணம் தர 15 நாள் அவகாசம். கோபமான வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஒப்பந்தத்தில் இருந்த சொந்த ஊர் விலாசத்துக்கு விரைவுத் தபாலில் போனது, வாட்ஸ்அப்பிலும் போனது. மூன்றாம் நாள் மாடியில் குடியிருந்த பையனிடமிருந்து பதில் வந்தது: "வேலை போயிடுச்சு ஆன்ட்டி, பாக்கி இருக்கிறது உண்மைதான், டைம் குடுங்க." அந்தப் பதிலை அழிக்காமல் வைத்திருக்கச் சொன்னேன். பாக்கியை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறாரே!

வாடகைப் பாக்கிக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுதான் காலக்கெடு. கடைசி மாதத்திலிருந்து மொத்தமாக எண்ணக் கூடாது. ஏப்ரல் வாடகைக்கு அது தர வேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டு, மே வாடகைக்கு அதிலிருந்து மூன்று ஆண்டு. பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதற்காகக் காலம் நிற்காது.

உடனே வழக்குப் போடவில்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், வழக்குக்கு முந்தைய மனுவாகக் கொடுத்தோம். நீதிமன்றக் கட்டணம் கிடையாது. அங்கே நடக்கும் லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், இருவரும் ஒப்புக்கொண்டு முடித்தால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. இதுபோன்ற தொகைக்கு நான் முதலில் தேடுவது இந்த வழியைத்தான். இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். சமரசம் ஆகவில்லை என்றால் எந்த மன்றத்துக்குப் போவது என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. 2017 வாடகைச் சட்டப்படி அரசு நியமித்திருக்கும் வாடகை அதிகாரியிடம் அதைப் பதிவு செய்தீர்களா என்பதுதான் முதலில் எழும் கேள்வி. அது இணையவழிப் பதிவு. சார்பதிவாளர் அலுவலகப் பதிவு வேறு, முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டு நோட்டரியிடம் சீல் வாங்குவது வேறு. இவற்றைப் பலர் ஒன்றென்று நினைத்துவிடுகிறார்கள்.

அந்தப் பையன் மனைவியோடு வந்திருந்தார். 15,000 ரூபாய், இரண்டு தவணை என்று முடிந்தது. 2,400-ஐ விட்டுக்கொடுத்தது அம்மாவே எடுத்த முடிவு. இரண்டாவது தவணை வந்த அன்று அதே நீள நோட்டில், காலியாக விட்டிருந்த மூன்று வரிகளுக்கு எதிரே தேதி போட்டு எழுதினார்கள். ஆவணியில் வந்த புதுக் குடித்தனத்தின் ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் ஏற்கெனவே பதிவு செய்திருந்தோம். அந்தப் பதிவு எண் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது.

வணக்கம்.