பர்ஸுக்குள் கோபால்ட்

நேயர்களுக்கு வணக்கம். காமா கதிர் என்றதும் அணு உலையும் குண்டும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். எனக்கு நினைவுக்கு வருவது ஒரு காயலான் கடை.

தில்லியில் காயலான் கடைகள் நிறைந்த மாயாபுரி, 2010. தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் ஆய்வுக்கு வாங்கிய காமா கருவி ஒன்று இருந்தது, உள்ளே கோபால்ட்-60 என்ற காமா கதிர் வீசும் உலோகம். 1985-க்கு அப்புறம் அது பயன்பாட்டில் இல்லை. பிப்ரவரியில் பழைய சாமானோடு சாமானாக அதை ஏலத்தில் போட்டுவிட்டார்கள். எடைக்கு எடுத்தவர்கள் என்ன செய்வார்கள்? சுற்றியிருந்த ஈயத்துக்கு நல்ல விலை உண்டு, உரித்தார்கள். அத்தனை வருடமும் ஆட்களைக் காப்பாற்றி வந்ததே அந்த ஈயம்தான் என்று அவர்களுக்கு யார் சொன்னது? உள்ளே இருந்த கம்பி போன்ற துண்டுகளில் ஒன்றை ஒரு கடைக்காரர் பர்ஸில் வைத்துக்கொண்டார். பின்புறம் வெந்து புண்ணாகிவிட்டது. இன்னொருவருக்கு முடி கொட்டி, தோல் கறுத்தது. ஒரு தொழிலாளி இறந்தே போனார்.

காமா கதிர் கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, படும்போது வலிக்கவும் வலிக்காது. வாந்தி சில மணி நேரத்தில் வரலாம், ஆனால் தோல் புண்ணாக நாட்கள் ஆகும், அதற்குள் எதைத் தொட்டோம் என்பதே மறந்துபோயிருக்கும். கோபால்ட்-60 ஏறக்குறைய ஐந்தேகால் ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அப்படிப் பார்த்தால் 25 ஆண்டில் இருபத்தைந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருக்க வேண்டும், அந்த மிச்சம்தான் இவ்வளவையும் செய்தது.

கதிர்ப்பொருளிலிருந்து ஒரு மீட்டரில் நிற்பவர் பத்து மீட்டர் தூரத்துக்குப் போனால் அவர் மேல் படுவது நூறில் ஒரு பங்காகிவிடும். பர்ஸில் வைத்தவருக்கு அந்தத் தூரமே இல்லை, நேரமும் மணிக்கணக்கு. ஈயம் சுமார் 12 மில்லிமீட்டர் இருந்தால் கதிர் பாதியாகும், அதனால்தான் அந்தக் கருவிகள் அவ்வளவு கனம். இன்னொன்று, காமா கதிர் பட்டவரைத் தொட்டால் நமக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று பயப்படாதீர்கள். கதிர்ப்பொருளின் தூள் உடம்பில் படிந்திருந்தால்தான் அந்தக் கவலை.

மாயாபுரித் தொழிலாளிகளின் அறியாமை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். உள்ளே இருப்பது என்ன என்று தெரிந்திருக்க வேண்டியவர்கள் ஏலம் விட்ட பக்கம் இருந்தவர்கள்.

பழைய இரும்பு எடுக்கும் அண்ணன்மார் கேட்டுக்கொண்டிருந்தால், அளவுக்கு மீறிக் கனக்கிற டப்பாவிலோ உருளையிலோ மஞ்சள் நிறத்தில் மூன்று இறக்கை போட்ட விசிறி மாதிரி கறுப்புக் குறி இருந்தால், வெட்டாதீர்கள், வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். எல்லாரும் தள்ளி நின்றுகொண்டு 112-க்குப் போன் போடுங்கள்.