காவி நிறமும் கணக்குப் புத்தகமும்

(எங்கள் ஊர்ப் புத்தகத் திருவிழாவின் மாலை அரங்கில் பேசியது. பேச்சின் போக்கை அதிகம் மாற்றாமல் எழுதித் தந்திருக்கிறேன்.)

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் புலவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்றத் துணைத் தலைவர் அம்மா அவர்களே, இந்தப் பந்தலுக்கு நாற்காலியும் மின்விசிறியும் தந்துவிட்டு, "அழைப்பிதழில் என் பெயர் வேண்டாம்" என்று சொல்லியும் போட்டுவிட்டார்களே என்ற சங்கடத்தோடு மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்திருக்கும் அரிசி ஆலை அண்ணாச்சி அவர்களே, எனக்கு முன்னால் பேசி, நான் சொல்ல வைத்திருந்த இரண்டு குறளையும் சொல்லிவிட்டுப் போன தலைமையாசிரியை அம்மா அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, பின்னால் நின்றுகொண்டே கேட்கும் தம்பிமார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

மேடை ஏறியதும் எனக்கு ஒரு கைத்தறித் துண்டு போர்த்தினார்கள். நான் செயலாளரின் காதில், "இதற்கு பில் இருக்கிறதா?" என்று கேட்டேன். சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் வேறு எதைக் கேட்பான்? ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார் எங்கள் அம்மா. இன்று மாலைக்குள் இதை இன்னும் சில முறை கேட்பீர்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கொடுத்த தலைப்பு "சர்ச்சைக்குரிய சமய இயக்கங்களும் வெளியார் பார்வையும்". ஒரு கூட்டத்தைப் பார்த்து, "அது மூளைச்சலவைக் கும்பல், உள்ளே போனவன் திரும்பமாட்டான்" என்கிறோம். இன்னொரு கூட்டத்தைப் பார்த்து, "அங்கே என்னமாய்ச் சேவை செய்கிறார்கள்!" என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். எதை வைத்துச் சொல்கிறோம்? உடை, வாசல், பிள்ளைகள், கணக்கு என்று நான்கு தலைப்பாகக் குறித்து வந்திருக்கிறேன்.

முதலில் உடை. இதற்கு அமெரிக்கா போக வேண்டும். டிக்கெட் செலவு இல்லை, வாருங்கள்.

ஓரிகன் மாநிலத்தில் ஆன்ட்டிலோப் என்று ஒரு ஊர். ஊர் என்றா சொன்னேன், நம் பேருந்து நிலையத்தில் கடைசி வண்டிக்குக் காத்திருக்கிற கூட்டத்தைவிடச் சின்னது. நாற்பது, ஐம்பது பேர். பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். 1981-இல் பக்கத்தில் 64,000 ஏக்கர் பண்ணை ஒன்றை நம் நாட்டு ரஜனீஷின், அதாவது பிற்காலத்தில் ஓஷோ என்று அழைக்கப்பட்ட குருவின், ஆட்கள் வாங்கினார்கள். வந்தவர்கள் எல்லோரும் சிவப்பு, ஆரஞ்சு உடை. கழுத்தில் மாலை, மாலையில் குருவின் படம். குருவோ மௌன விரதம். ஆனால் மதியமானால் ரோல்ஸ் ராய்ஸ் காரில் மெதுவாக ஊர்வலம் போவார். சீடர்கள் சாலை ஓரம் வரிசையாகக் கைகூப்பி நிற்பார்கள். எத்தனை கார் இருந்தது தெரியுமா? தொண்ணூற்று மூன்று! (கைதட்டல். கைதட்டுவதற்கு இதில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.)

ஆன்ட்டிலோப் கிழவர்களுக்கு முதலில் அந்த நிறமே பிடிக்கவில்லை. "சிவப்பாவதைவிடச் சாவது மேல்" என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். வந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. ஊரில் வீடு வாங்கி, குடியேறி, வாக்காளராகி, தேர்தலில் நின்று ஊர் மன்றத்தையே பிடித்தார்கள். ஊரில் இருந்த ஒரே கடையைச் சைவ உணவகம் ஆக்கினார்கள். ஊருக்கே 'ரஜனீஷ்' என்று பெயர் வைத்தார்கள். சட்டப்படிதான் செய்தார்கள், அதுதான் வேடிக்கை.

அடுத்து மாவட்ட நிர்வாகத்தைப் பிடிக்க வேண்டும். அதற்கு ஓட்டுப் போதாது. என்ன செய்யலாம்? அமெரிக்க நகரங்களில் தெருவோரம் படுத்திருந்தவர்களைப் பேருந்து பேருந்தாக அழைத்து வந்து சோறு போட்டு வாக்காளர் பட்டியலில் சேர்க்கப் பார்த்தார்கள். நமக்குப் புதிய யோசனை இல்லைதான், அம்மா சிரிக்கிறார்கள். அது பலிக்கவில்லை. இன்னொரு யோசனையும் வைத்திருந்தார்கள். எதிர்த்து ஓட்டுப் போடுகிறவர்கள் வாக்குச்சாவடிக்கு வர முடியாதபடி படுக்கவைத்துவிட்டால்?

1984 செப்டம்பர், அக்டோபர். த டாலஸ் என்ற பக்கத்து நகரத்தில் ஆள் மாற்றி ஆள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்கள். மொத்தம் 751 பேர். நல்ல வேளை, ஒருவரும் சாகவில்லை. எல்லோரும் உணவகங்களில் காய்கறிக் கலவையைத் தாங்களே எடுத்துப் போட்டுச் சாப்பிட்டவர்கள். அதில் சால்மொனெல்லா என்ற கிருமியைக் கொட்டியிருந்தார்கள். மாவட்ட நிர்வாகத்தின் தலைவர் பண்ணையைப் பார்வையிடப் போயிருந்தபோது, வெயிலுக்குக் குடிக்கக் கொடுத்த தண்ணீரிலேயே அது இருந்தது! மனிதர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

இனிமேல்தான் கவனிக்க வேண்டும். சுகாதாரத் துறை விசாரித்து என்ன சொன்னது? சமையலறை ஆட்கள் சரியாகக் கை கழுவவில்லை என்று சொன்னது. ஜேம்ஸ் வீவர் என்ற ஓரிகன் நாடாளுமன்ற உறுப்பினர் 1985 பிப்ரவரியில் அவையில் எழுந்து, இது அந்தப் பண்ணைக்காரர்கள் வேலை என்றார். படித்தவர்கள் பலர், "இவர் மதத் துவேஷி, உடையைப் பார்த்துப் பயப்படுகிறார்" என்று ஒதுக்கினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பண்ணையை ஆண்டுகொண்டிருந்த செயலாளர் ஷீலா ஐரோப்பாவுக்கு ஓடிப்போனார். மௌனம் கலைத்திருந்த குருவே பத்திரிகையாளர்களைக் கூட்டி, குற்றமெல்லாம் அவளுடையது என்றார். காவல்துறை உள்ளே போனது. ஆய்வகத்தில் அதே கிருமி இருந்தது. ஷீலா குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை போனார். குரு குடியேற்ற வழக்கில் அபராதம் கட்டிவிட்டு நவம்பரில் நாட்டைவிட்டு வெளியேறினார். கிழவர்கள் ஊருக்குப் பழைய பெயரையே வைத்துக்கொண்டார்கள்.

ஆக, கிழவர்கள் பயந்தது நிறத்துக்கு. நிறத்தால் யாருக்கும் ஒரு காய்ச்சலும் வரவில்லை. படித்தவர்கள் மதித்ததும் நிறத்தைத்தான், வேறு கோணத்தில். இரண்டு கூட்டமும் ஆய்வகம் இருந்த அறையைப் பார்க்கவில்லை. அங்கே துணி துவைத்து, சமைத்து, வயலில் வேலை செய்த ஆயிரக்கணக்கான சாதாரணச் சீடர்களுக்கும் அது தெரியாது. அவர்களையும் சேர்த்து இன்றுவரை விஷம் வைத்தவர்கள் என்றே பேசுகிறார்கள். நியாயமா?

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. ஒரு மூதாட்டி அவர்களிடம் 3,10,000 டாலர் கொடுத்திருந்தார். அது கடன் என்றார் அவர். நன்கொடை என்றார்கள் இவர்கள். 1985-இல் போர்ட்லண்ட் நீதிமன்றத்தில் நடுவர் குழு அந்த அம்மா பக்கம் நின்றது. உலகமே காரை எண்ணிக்கொண்டிருந்தது. ஒரு கிழவி தன் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தார். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு!

உடை போன்ற வெளித்தோற்றத்தைப் பற்றிச் சொல்லும்போது கோட்டயத்தை விட்டுவிடக் கூடாது. 1985-இல் அங்கே மூன்று பிள்ளைகள், யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்தவர்கள். பள்ளியில் தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், வாய் திறந்து பாடவில்லை. எத்தனையோ வருடமாக அப்படித்தான். யாரும் கவனிக்கவில்லை. ஒரு சட்டமன்ற உறுப்பினர் கவனித்தார். அவையில் கேள்வி கிளம்பியது, பிள்ளைகள் வெளியேற்றப்பட்டார்கள். விசாரணைக் குழுவே இவர்கள் சட்டத்தை மதிக்கிறவர்கள், கீதத்துக்கு அவமரியாதை செய்யவில்லை என்று எழுதிக் கொடுத்தும் கதவு திறக்கவில்லை. 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் பிஜோ இம்மானுவேல் வழக்கில் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. தீர்ப்பு எழுதியவர் நீதிபதி சின்னப்ப ரெட்டி. நம் மரபும் தத்துவமும் அரசமைப்பும் சகிப்பையே சொல்கின்றன, அதை நீர்க்கச் செய்ய வேண்டாம் என்று முடித்தார். விநோதமான நம்பிக்கை குற்றம் இல்லை. இதை இந்தப் பந்தலில் இருக்கும் எல்லாக் கட்சிக்காரர்களும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஜப்பானில் இப்படி வெளித்தோற்றத்தை வைத்து எடைபோட்டது உயிரையே எடுத்தது. 1994 ஜூனில் மட்சுமோட்டோ நகரத்தில் இரவில் சாரின் என்ற விஷவாயு பரவியது. முதலில் தகவல் சொன்னவர் கோனோ யோஷியுகி. அவர் மனைவி அதில் நினைவிழந்து, பதினான்கு ஆண்டுகள் அப்படியே கிடந்து இறந்தார். போலீஸும் பத்திரிகையும் சந்தேகப்பட்டது அந்த மனிதரை! அவர் வீட்டில் புகைப்பட ரசாயனங்களும் பூச்சிமருந்தும் இருந்தனவாம். உண்மையில் செய்த ஓம் ஷின்ரிக்யோவோ அரசு அங்கீகாரம் பெற்ற மத அமைப்பு. மத விஷயம், கை வைத்தால் வம்பு என்று போலீஸ் தயங்கியது. அவர்களுக்கு எதிராக வழக்கு நடத்தப் புறப்பட்ட வழக்கறிஞர் சகமோட்டோ, மனைவியோடும் ஒரு வயதுக் குழந்தையோடும் 1989-லேயே காணாமல் போயிருந்தார். அதற்குப் பிறகும் தயக்கம். 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயிலில் அதே சாரின் வாயு. அப்புறம்தான் விழித்தார்கள்.

அடுத்தது வாசல். உள்ளே போகிற வாசலைப் பார்த்து நாம் ஏமாறுகிறோம். வெளியே வருகிற வாசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜிம் ஜோன்ஸ் என்ற பாதிரியாரை சான் ஃபிரான்சிஸ்கோவில் யாரும் கும்பல் தலைவர் என்று சொல்லவில்லை. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பெஞ்சில் உட்காரும் சபை, ஏழைகளுக்குச் சாப்பாடு. மேயர் அவரை நகர வீட்டு வசதி ஆணையத்தில் உறுப்பினராக்கினார். மேடையில் மாலை போட்டவர்கள், அங்கே இருந்த கிழவர் கிழவிகளின் ஓய்வூதியக் காசோலை மாதாமாதம் எங்கே போகிறது என்று கேட்கவில்லை. பிறகு கயானா காட்டுக்குப் போனார்கள். கடவுச்சீட்டு தலைமையிடம். 1978 நவம்பரில் நாடாளுமன்ற உறுப்பினர் லியோ ரயன் பார்க்கப் போனபோது முதல் நாள் பாட்டும் விருந்துமாக இருந்தது. யாரோ ஒருவர் பத்திரிகையாளர் கையில் ஒரு துண்டுச்சீட்டைச் செருகினார், எங்களை இங்கிருந்து வெளியே கொண்டுபோங்கள் என்று. மறுநாள் ரயனையே சுட்டார்கள். அன்று மாலைக்குள் தொள்ளாயிரத்துக்கு மேல் பிணங்கள். அதில் முந்நூறுக்குக் குறையாமல் பிள்ளைகள்.

நம் பக்கத்திலும் உண்டு. விராலிமலைப் பக்கம் பிரேமானந்தா ஆசிரமம். இலங்கையிலிருந்து அனாதைப் பிள்ளைகளோடு வந்தவர் என்று ஊரே மரியாதை செய்தது. தப்பி வந்த பெண்கள் வாய் திறந்த பிறகுதான் 1994-இல் கைது. 1997-இல் பாலியல் வன்கொடுமைக்கும் கொலைக்கும் இரட்டை ஆயுள். உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சிறையில் இருந்தபோதே 2011-இல் இறந்தார். இப்போது நடக்கிற வழக்குகளைப் பற்றி நான் பேசமாட்டேன். செயலாளர் கண்ணைக் காட்டுகிறார், காட்டத் தேவையில்லை.

பிள்ளைகளைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். ஆனால் தலைவர் ஐயாவின் துண்டுச்சீட்டு வந்துவிட்டது. ஐந்து நிமிடமாம். ஐயா எழுதிய எழுத்தைப் பார்த்தால் மூன்று போலவும் தெரிகிறது. ஆகவே நேரே கணக்குக்கு வருகிறேன், நான் வந்ததே அதற்குத்தான்.

ஒருவர் எந்தக் கடவுளைக் கும்பிடுகிறார், எத்தனை மணிக்குக் குளிக்கிறார், என்ன நிறத்தில் உடுத்துகிறார் என்பது வெளியார் கேட்க வேண்டிய கேள்வி இல்லை. வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, சொத்து யார் பெயரில், கொடுத்தவருக்கு ரசீது உண்டா என்பதை யாரும் கேட்கலாம். இன்றைய மகாராஷ்டிரம் அடங்கிய அன்றைய பம்பாய் மாநிலத்தில் 1950-லேயே பொது அறக்கட்டளைச் சட்டம் போட்டு அறநிலை ஆணையர் என்று ஒருவரை உட்கார வைத்துவிட்டார்கள். நம்மிடம் 1975-ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டம் இருக்கிறது. பதிவான சங்கம் ஆண்டுதோறும் பதிவாளரிடம் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். செய்கிறார்கள், சிலர். அந்தக் காகிதம் அலுவலக அலமாரியில் கட்டுக்குள் தூங்குகிறது. பணம் கொடுத்த பாட்டிக்கு அது தெரிவதில்லை.

என் கோரிக்கை சின்னது. நம் நகராட்சி எல்லைக்குள் பொதுமக்களிடம் வசூல் செய்கிற ஒவ்வொரு அமைப்பும், ஆசிரமமோ சபையோ ஜமாத்தோ திருவிழாக் கமிட்டியோ பகுத்தறிவு மன்றமோ, ஒரு பக்க வரவு செலவுக் கணக்கைத் தன் வாசலில் பலகையில் ஒட்ட வேண்டும். தமிழில், எட்டாம் வகுப்புப் படித்தவருக்குப் புரிகிற மாதிரி. அவ்வளவுதான். பூசையில் தலையிடவில்லை, ஜெபத்தில் தலையிடவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், இதை முதலில் எதிர்த்தவர்கள் சாமியார்கள் இல்லை. எங்கள் தெரு அம்மன் கொடைக் கமிட்டிக்காரர்கள்தான்! "பதினெட்டு வருஷமா நடக்குது, யாராவது கேட்டிருக்காங்களா?" என்றார் பொருளாளர். "அதான் மாமா, இப்பக் கேக்கிறேன்" என்றேன். மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. இந்த ஆண்டு ஒட்டிவிட்டார். வாணவேடிக்கைக்கு 42,000, அன்னதானத்துக்கு 38,000. பார்த்த பெண்கள் கேட்டார்கள், வெடியைக் குறைத்துச் சோற்றைக் கூட்டினால் என்ன என்று. அடுத்த கொடைக்கு அதுதான் தீர்மானம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு.

துணைத் தலைவர் அம்மா அவர்களே, நகர்மன்றத்தில் இதற்கு ஒரு தீர்மானம் கொண்டுவர முடியுமா? தலையாட்டுகிறார்கள், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். மனு வாசலில் சமோசா மேசைக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. பெயர், வார்டு எண், கையெழுத்து. பேனா கட்டிவைத்திருக்கிறோம். அண்ணாச்சி, முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும், இந்தப் பந்தல் செலவுக் கணக்கும் நாளைக் காலை நூலக வாசலில் ஒட்டப்படும். நன்றி, வணக்கம்.