கோபுரத்துக்குப் பின்னால் என்ன நிற்கிறது?

(மதுரையில் கட்டடக்கலை மாணவர்களும் ஊர்க்காரர்களும் கலந்துகொண்ட ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

உயரமான கட்டடம் ஊருக்கு அழகா, கேடா என்று பட்டிமன்றம் வைத்தால் இரண்டு அணிக்கும் நல்ல கைதட்டல் கிடைக்கும். நான் அதற்குள் போகவில்லை. நான் கேட்க விரும்புவது, அந்தக் கட்டடத்தை எங்கே நின்று பார்க்கிறோம் என்பதைத்தான். ஒரே கட்டடம் பக்கத்துத் தெருவிலிருந்து கண்ணில் படாமலே போகலாம். ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு மேட்டில் ஏறிப் பார்த்தால் ஊருக்கு நடுவே துருத்திக்கொண்டு நிற்கலாம். பார்க்கும் இடத்தைச் சொல்லாமல் 'பொருந்துகிறது', 'பொருந்தவில்லை' என்று சண்டை போட்டால் அந்தச் சண்டை முடியவே முடியாது.

மதுரைக்காரர்களுக்கு இது புதிதில்லை. கோபுர தரிசனம் கோடி புண்ணியம் என்கிறோம். கோயிலுக்குள் போக முடியாதவர், போக விடாமல் தடுக்கப்பட்டவர், வயக்காட்டில் வேலையாக நிற்பவர், எல்லோரும் தூரத்திலிருந்தே ஒரு கும்பிடு போட்டுக்கொண்டார்கள். அப்படியானால் தூரத்தில் நிற்பவருக்குக் கோபுரம் தெரிய வேண்டும். அது தெரிகிறதா என்று யார் பார்த்துக்கொள்வது? இந்தக் கேள்வியோடு நெடுங்காலம் மல்லுக்கட்டிய ஊர் லண்டன். அதனால் இன்று பெரும்பகுதி லண்டன் கதைதான். கடைசியில் மதுரைக்கு வருகிறேன்.

1666ஆம் ஆண்டுப் பெருந்தீயில் லண்டனின் பழைய செயின்ட் பால் பேராலயம் எரிந்துபோனது. புதிய ஆலயத்தைக் கிறிஸ்டோபர் ரென் வடிவமைத்தார். 1675இல் தொடங்கிய வேலை 1710இல் முடிந்தது. குவிமாடத்தின் மேலே இருக்கும் சிலுவை வரைக்கும் 365 அடி, அதாவது 111 மீட்டர். அப்புறம் சுமார் 250 ஆண்டுகள் லண்டனில் அதை மிஞ்சி ஒரு கட்டடமும் எழவில்லை. யாரும் முயலவில்லை என்று அர்த்தமில்லை. 1870களில் குவீன் ஆன்ஸ் மேன்ஷன்ஸ் என்று ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு வந்தது. பன்னிரண்டு மாடிக்கும் மேல். பக்கிங்ஹாம் அரண்மனையிலிருந்து பார்த்தால் நாடாளுமன்றத்தை அது மறைத்தது. விக்டோரியா ராணிக்குக் கடும் எரிச்சல். 1894இல் கட்டடங்களுக்கு 80 அடி வரம்பு போட்டுச் சட்டம் வந்ததற்கு அந்த எரிச்சலும் ஒரு காரணம் என்பார்கள்.

எனக்குச் சுவாரசியமாகப் படுவது அடுத்த கட்டம். 1933இல் தேம்ஸ் நதிக்கும் பேராலயத்துக்கும் இடையில் ஃபாரடே பில்டிங் என்ற தொலைபேசி நிலையம் எழுந்தது. ஆற்றங்கரையிலிருந்து பார்த்தவர்களுக்குப் பேராலயத்தின் ஒரு பகுதி காணாமல் போயிற்று. காட்ஃப்ரே ஆலன் என்பவர் அப்போது பேராலயக் கட்டடத்தைப் பராமரிக்கும் பொறுப்பில் இருந்தவர். இனி இப்படி நடந்தால் தாங்காது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டார். தென்கரையிலிருந்தும் பாலங்களிலிருந்தும் குவிமாடம் தெரிய வேண்டுமானால், இடையில் இருக்கும் ஒவ்வொரு மனையிலும் எத்தனை அடி வரை கட்டலாம் என்று வரைபடத்தில் கட்டம் கட்டமாகக் குறித்தார். எல்லா மனைக்கும் ஒரே உயரம் இல்லை பாருங்கள். பார்வை போகும் வழியில் இருப்பவருக்குக் குறைவு, தள்ளி இருப்பவருக்குக் கூடுதல். சட்டம் என்று எதுவும் கிடையாது, பேசி வைத்துக்கொண்ட உடன்பாடுதான். அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 1940 டிசம்பர் 29 இரவு ஜெர்மன் குண்டுவீச்சில் சுற்றுப்புறமெல்லாம் எரிய, புகைக்கு நடுவே குவிமாடம் மட்டும் நிற்கும் புகைப்படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். அந்தப் படத்துக்குப் பிறகு உடன்பாட்டை மீற எவருக்கும் துணிச்சல் வரவில்லை என்று நினைக்கிறேன்.

எழுதப்படாத உடன்பாடு எல்லா ஊரிலும் இப்படித் தாக்குப்பிடிக்காது. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகர மண்டபத்தின் உச்சியில் அந்த ஊரை நிறுவிய வில்லியம் பென்னின் சிலை இருக்கிறது. அவருடைய தொப்பிக்கு மேலே எவரும் கட்டுவதில்லை என்று ஒரு வாய்வழி வழக்கம் இருந்தது. 1987இல் ஒன் லிபர்ட்டி பிளேஸ் என்ற கட்டடம் தொப்பியைத் தாண்டி நூறு மீட்டருக்கு மேல் போனது. ஒருவர் தாண்டியதும் மற்றவர்களும் தாண்டினார்கள். அதற்குப் பிறகு உள்ளூர் விளையாட்டு அணிகள் தோற்றுக்கொண்டே இருந்ததற்குப் பென்னின் சாபம்தான் காரணம் என்று ரசிகர்கள் நம்பினார்கள். 2007இல் புதிதாக எழுந்த மிக உயரமான கட்டடத்தின் உச்சி உத்தரத்தில் பென்னின் சின்னஞ்சிறு உருவம் ஒன்றை ஒட்டினார்கள். 2008இல் பேஸ்பால் அணி கோப்பையை வென்றது. நம்ம ஊராக இருந்தால் பரிகாரம் செய்ய இருபது ஆண்டு காத்திருக்க மாட்டோம்.

சரி, லண்டனுக்குத் திரும்புவோம். இன்று அங்கே 27 பார்வைகளை நகர நிர்வாகமே எழுதி வைத்துப் பாதுகாக்கிறது. அதில் ஒன்று ரிச்மண்ட் பூங்காவில் இருக்கும் கிங் ஹென்றிஸ் மவுண்ட் என்ற சிறு மேட்டிலிருந்து தொடங்குகிறது. மேட்டில் புதரை வெட்டி ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். அதன் வழியே பார்த்தால் மரங்களுக்கு இடையே, சுமார் 16 கிலோமீட்டருக்கு அப்பால், செயின்ட் பால் குவிமாடம் ஒரு குமிழ் போலத் தெரியும். தன் மனைவி ஆன் பொலினின் தலை வெட்டப்பட்டதற்கான சமிக்ஞைக்காக எட்டாம் ஹென்றி இந்த மேட்டில்தான் காத்து நின்றான் என்று கதை சொல்வார்கள். அன்று அவன் அந்தப் பக்கமே இல்லை. கதை பொய்தான், பார்வை மெய். அந்த ஒரு பார்வைக் கோட்டுக்காக 16 கிலோமீட்டர் நெடுகிலும் கட்டடங்களுக்கு உயர வரம்பு இருக்கிறது.

இந்தக் கோடுகள் கட்டடத்தின் உருவத்தையே மாற்றிவிடும். லெடன்ஹால் கட்டடம் என்று ஒன்று, 225 மீட்டர், 2014இல் முடிந்தது. ஒரு பக்கம் சாய்ந்து மேலே போகப் போகக் குறுகும். லண்டன்வாசிகள் அதைச் சீஸ் துருவி என்பார்கள். ஏன் சாய்ந்திருக்கிறது? ஃபிளீட் தெருவில் நடந்து வருகிறவருக்குச் செயின்ட் பால் குவிமாடம் எதிரே தெரியும். நேராக எழுப்பியிருந்தால் இது அந்தக் காட்சிக்குள் பின்னாலிருந்து தலைநீட்டியிருக்கும். அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் ராஜர்ஸின் அலுவலகம் அதைப் பின்னுக்குச் சாய்த்தது. விட்டுக்கொடுத்த சாய்வே அதன் அடையாளம் ஆனது. கட்டடக்கலை மாணவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். கட்டுப்பாடு வந்தால் கற்பனை செத்துவிடும் என்று புலம்புகிறவர்கள் இந்தக் கட்டடத்தை ஒரு தடவை பார்க்கட்டும். அதன் அடிப்பகுதியும் பார்க்க வேண்டியது. கீழே ஏழு மாடி உயரத்துக்குத் திறந்தவெளியாக விட்டிருக்கிறார்கள். தெருவில் போகிறவர்கள் உள்ளே நடந்து வரலாம்.

எதிர் உதாரணமும் அருகிலேயே நிற்கிறது. 20 ஃபென்சர்ச் தெரு. மேலே போகப் போகப் பருத்துக்கொண்டு போவதால் வாக்கி டாக்கி என்று பெயர். 160 மீட்டர்தான். பக்கத்தில் நிற்பவற்றோடு ஒப்பிட்டால் உயரமே இல்லை. முதலில் இன்னும் உயரமாகத்தான் திட்டமிட்டார்கள். எதிர்ப்பு வந்ததும் குறைத்தார்கள். ஆனாலும் ஊர் அதை மன்னிக்கவில்லை. ஏனென்றால், மற்ற உயரக் கட்டடங்கள் ஒரு கூட்டமாக நிற்க, இது மட்டும் விலகி ஆற்றை நோக்கித் தனியே நிற்கிறது. தலைப்பக்கம் வேறு கனம். 2013 கோடையில் அதன் குழிந்த கண்ணாடி முகப்பு வெயிலைக் குவித்துத் தெருவில் நிறுத்தியிருந்த ஒரு ஜாகுவார் காரின் பாகங்களை உருக்கியது. 2015இல் ஆண்டின் மோசமான கட்டடத்துக்கான கார்பன்கிள் கோப்பையும் அதற்கே கிடைத்தது. 40 மீட்டர் குறைத்ததால் ஒரு பயனும் இல்லை. நிற்கும் இடமும் உருவமும்தான் கோளாறு. உயரத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால் எங்கே போய் முட்டுவோம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

தனியே நிற்பதே தப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 1959இல் மவுண்ட் ரோட்டில் திறக்கப்பட்ட நம் எல்.ஐ.சி. கட்டடமும் தன்னந்தனியாகத்தான் நின்றது. 177 அடி உயரம். பட்டணம் பார்க்க வந்தவர்களெல்லாம் அதை அண்ணாந்து பார்த்து மாடியை எண்ணினார்கள். எந்த முக்கியமான காட்சிக்கும் அது குறுக்கே நிற்கவில்லை. அதனால் அந்தத் தனிமை அதற்கு அழகாக அமைந்தது.

இனி லண்டன் கோட்டைவிட்ட இடம். ஒரு பார்வைக்கு முன்புறம், பக்கவாட்டு, பின்புறம் என்று மூன்று இருக்கின்றன. முன்னால் மறைக்கக் கூடாது என்று எல்லோருக்கும் உடனே புரிகிறது. பின்னால் நிற்பது மறைக்கவில்லையே, அதனால் என்ன என்று தோன்றும். குவிமாடம் தெளிவாகத் தெரிவதற்குக் காரணமே அதன் பின்னால் வெறும் வானம் இருப்பதுதான். விளிம்பு வானத்தில் பதியும்போதுதான் கண் அதைப் பிடித்துக்கொள்கிறது. பின்னால் கண்ணாடிச் சுவர் வந்துவிட்டால் விளிம்பு அதில் கரைந்துபோகும். 2016இல் ரிச்மண்ட் மேட்டுக்குப் போனவர்கள் அதைத்தான் கண்டார்கள். குவிமாடத்துக்கு நேர் பின்னால் ஒரு கோபுரக் கட்டடம் எழுந்துகொண்டிருந்தது. அது பேராலயத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை. கிழக்கே பல கிலோமீட்டர் தள்ளி, ஸ்ட்ராட்ஃபோர்டில், 42 மாடிக் கட்டடம். அனுமதி கொடுத்தபோது 20 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி மேற்கே இருந்த அந்த மேட்டை யாரும் நினைக்கவில்லை. கூச்சல் எழுந்தபோது கட்டடம் ஏறக்குறைய மேலே போயாகிவிட்டது. கட்டியதை யார் இடிப்பார்கள்?

இப்போது மதுரை. இங்கே 1997 முதல் ஒரு விதி இருக்கிறது. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது. நல்ல விதி. தெற்குக் கோபுரம் ஏறக்குறைய 50 மீட்டர் என்னும்போது, 9 மீட்டர் கூரைகளுக்கு மேலே நான்கு கோபுரங்களும் நிமிர்ந்து நிற்கும். விதி எவ்வளவு தூரம் மதிக்கப்படுகிறது என்பதற்கு, மாசி வீதிகளில் அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஒரு நடை போய் வந்தால் போதும்.

மீறலை விடுங்கள், அது அதிகாரிகள் பாடு. விதியின் வடிவத்தைப் பற்றித்தான் எனக்குப் பேச்சு. அது ஒரு வட்டம். வட்டத்துக்குள் எல்லா மனைக்கும் ஒரே தண்டனை. கோபுரத்தை எந்தக் கோணத்திலும் மறைக்காத சந்தில் வீடு வைத்திருப்பவருக்கும் 9 மீட்டர்தான். மூன்றாம் மாடி கட்டி மகனுக்குக் கொடுக்க நினைப்பவர் ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. வட்டத்துக்கு வெளியே ஒன்றரை கிலோமீட்டரில் பதினைந்து மாடி எழும்பினால் அந்த விதி வாய் திறக்காது. அந்தப் பதினைந்து மாடி, எதிர்த் திசையிலிருந்து வருகிறவர் கண்ணுக்குக் கோபுரத்தின் பின்னால் வந்து நிற்கும். கோபுரத்துக்கு இது குவிமாடத்தைவிட மோசம். குவிமாடத்தின் விளிம்பு வழவழப்பான ஒரே கோடு. கோபுரத்தின் விளிம்போ முழுக்கச் சுதையும் கலசமும். பின்னால் வானம் இல்லாவிட்டால் அந்த நுணுக்கம் அத்தனையும் போய் ஒரு முக்கோண மொத்தைதான் மிஞ்சும்.

எனவே வட்டத்தோடு சில கோடுகளும் வேண்டும் என்கிறேன். எங்கிருந்து? அதை என்னைப் போன்றவர்கள் மேஜையில் உட்கார்ந்து தீர்மானிக்கக் கூடாது. வைகைக் கரையில் எந்த இடம், ஏ.வி. பாலத்தின் எந்தப் பக்கம், யானைமலை ஏறினால் எந்தப் பாறை, இதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். பத்து இடம் போதும். நூறு இடம் கேட்டால் ஒன்றுகூடக் கிடைக்காது. மொட்டை மாடியில் மேஜை போட்டுக் கோபுரக் காட்சியைக் காசாக்கும் விடுதிக்காரர்களையும் கூப்பிடுங்கள். காட்சி போனால் அவர்களுக்கும் நஷ்டம்தான்.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. லண்டனில், குறித்த இடத்தில், குறித்த உயரத்தில் கேமராவை வைத்துப் படம் எடுக்கிறார்கள். வரப்போகும் கட்டடத்தை அளவு பிசகாமல் அந்தப் படத்துக்குள் வரைந்து விண்ணப்பத்தோடு கொடுக்கிறார்கள். விளம்பரப் பலகையில் வரும் நீலவானப் படமில்லை, அளந்து எடுத்த படம். நில அளவைக் கருவி பிடிக்கத் தெரிந்த மாணவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள். பத்து இடங்களையும் முடிவு செய்து இன்றைய காட்சியை இப்போதே அளந்து எடுத்து வையுங்கள். அடுத்த உயரக் கட்டடத்துக்கு மனு வரும்போது, அந்தப் பத்துப் படத்திலும் அதை வரைந்து காட்டச் சொல்லி மாநகராட்சியிடம் கேட்கலாம்.

என் நேரம் முடிந்தது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.