பெட்டிக் கணக்கில் தெரியாத நஷ்டம்

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் தேனீப் பெட்டிகள் பல ஆண்டுகளாகவே ஏறக்குறைய 25 லட்சம் என்ற அளவில் இருக்கின்றன. 'அப்படியானால் தேனீக்கள் நன்றாகத்தானே இருக்கின்றன' என்று கேட்பவர்கள் உண்டு. அந்த எண்ணிக்கை குறையாமல் இருக்க யார் என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

2024 ஜூன் முதல் 2025 பிப்ரவரி வரையிலான இழப்பைப் பற்றி அங்கே ஒரு கணக்கெடுப்பு நடந்தது. வணிக அளவில் தேனீ வளர்ப்பவர்கள் தங்கள் பெட்டிகளில் இருந்த தேனீக் கூட்டங்களில் சராசரியாக 62 சதவீதத்தைப் பறிகொடுத்திருந்தார்கள். அதுவும் எந்த நேரத்தில்? பிப்ரவரியில்தான் கலிபோர்னியாவில் பாதாம் பூக்கிறது. மகரந்தச் சேர்க்கைக்கு ஏக்கருக்கு 2 பெட்டி, பெட்டிக்குத் தோட்டக்காரர் தரும் வாடகை சுமார் 200 டாலர் என்பது அங்கே நடைமுறை. பலருக்கு ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கு இதுதான். பெட்டி காலியானால் வாடகை கிடையாது. அதற்குள் சர்க்கரைப் பாகு, மருந்து, ஆள் கூலி எல்லாம் செலவாகி முடிந்திருக்கும்.

சரி, காலிப் பெட்டிகள் எப்படி நிரம்புகின்றன? பிழைத்த கூட்டத்தைப் பிரித்து, புழுக்கள் வளரும் அடைகளில் சிலவற்றை வேறு பெட்டிக்கு மாற்றி, புது ராணியை விலைக்கு வாங்கி அதில் விடுகிறார்கள். கணக்கில் ஒன்று இரண்டாகிவிடும். ஆனால் இரண்டுமே பலம் குறைந்த கூட்டங்கள். அவை தேறும்வரை தீவனச் செலவு உண்டு, தேன் வரத்தும் குறையும்.

இறந்த கூட்டங்களை அமெரிக்க வேளாண் துறை ஆராய்ந்தபோது, சிறகுகளை உருக்குலைக்கும் வைரஸ் உள்ளிட்ட சில வைரஸ்கள் மிக அதிகமாக இருந்தன. அவற்றைப் பரப்புவது வரோவா என்னும் உண்ணி. தேனீப் புழு வளரும், மெழுகால் மூடிய அறைக்குள் பெருகி, தேனீயின் கொழுப்புத் திசுவைத் தின்னும். பரிசோதித்த உண்ணிகள் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் அமிட்ராஸ் மருந்தை எதிர்க்கும் மரபணு மாற்றம் காணப்பட்டது. வணிக வளர்ப்பாளர்கள் பெரிதும் நம்பியிருந்த மருந்து அது.

மாற்று மருந்துகள் இல்லாமல் இல்லை. ஆக்சாலிக் அமிலம் மூடிய அறைக்குள் இருக்கும் உண்ணியைத் தொடாது. ஃபார்மிக் அமிலம் உள்ளே போகும், ஆனால் வெயில் கடுமையானால் ராணியே சாகலாம். எனவே அடிக்கடி பெட்டியைத் திறந்து, உண்ணியை எண்ணி, காலம் பார்த்து மருந்தை மாற்ற வேண்டும். ஆயிரக்கணக்கில் பெட்டி வைத்திருப்பவருக்கு இது எவ்வளவு கூலி, எவ்வளவு உழைப்பு! இந்தச் செலவை வளர்ப்பவர் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. பாதாம் தோட்டக்காரர்கள் வாடகையைப் பேசும்போதே இதையும் சேர்த்துப் பேச வேண்டும், முன்பணமும் கோடையிலேயே தர வேண்டும். உண்ணியோடு போராட வேண்டிய காலம் அதுதான்.