அப்பா பேசிய பேச்சு

(கிளை நூலக வாசகர் வட்ட விழாவில் பேசியது)

விழாவுக்குத் தலைமை தாங்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, வெளியூர் வேலையைத் தள்ளிவைத்து வந்திருக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, தூறலிலும் நாற்காலி போட்டு மைக் கட்டிய நூலகர் தம்பி, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நெசவாளர் சங்கப் பெரியவர்களே, பிள்ளைகளே, வணக்கம்.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். ஆங்கில எழுத்தாளர் டி.எச். லாரன்ஸ் 1913-இல் வெளியிட்ட 'சன்ஸ் அண்ட் லவ்வர்ஸ்' நாவலில் அம்மா, அப்பா, அப்புறம் அவர்கள் மகன் பால் மோரல் காதலித்த பெண்கள்.

தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பார்கள். பால் மோரல் அப்படித்தான். இங்கிலாந்தில் நாட்டிங்காம் பக்கத்து நிலக்கரி ஊர். அப்பா பத்து வயதில் சுரங்கத்தில் இறங்கியவர், குடிப்பார். அம்மா படித்தவர், குடியை வெறுப்பவர், பிள்ளைகள் சுரங்கத்துக்குப் போகவே கூடாது என்று நின்றவர். அப்பா வாயில் ஊர்ப்பேச்சு. அம்மா வாயில் திருத்தமான ஆங்கிலம்.

ஒரு வெள்ளிக்கிழமையைச் சொல்லியே ஆகவேண்டும். அப்பாவின் கூலியை வாங்கச் சிறுவன் பால் கம்பெனி அலுவலகத்துக்குப் போகிறான். ஒரே கூட்டம். பெரிய ஆட்களின் கால்களுக்குப் பின்னால் பிள்ளை நசுங்கிக் கிடக்கிறான். "மோரல்!" என்று கூப்பிடுகிறார்கள். குரல் எழும்பவில்லை. ஒருவழியாக முன்னால் போனால், 17 பவுண்டு 11 ஷில்லிங் 5 பென்ஸ். எண்ணத் தடுமாறுகிறான். பள்ளிக்கூடத்தில் எண்ணக்கூடச் சொல்லித்தரவில்லையா என்று கணக்கர் கேட்க, சுற்றி நின்றவர்களும் கேலி பேசுகிறார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "இனிமேல் போக மாட்டேன்" என்கிறான். ஏன்? அந்த அலுவலகத்தார் மட்டமான ஆட்களாம். ஒருவர் ஆங்கிலத்தில் 'ஹ' சத்தத்தை விழுங்குகிறாராம், இன்னொருவர் இலக்கணப் பிழையாகப் பேசுகிறாராம்!

பிள்ளைகளே, கவனியுங்கள். அவமானம் பணத்தாலும் கூட்டத்தாலும் வந்தது. அவன் பழி போட்டதோ பேச்சின் மேல். அது அவன் அப்பா பேசுகிற பேச்சு.

அந்த அப்பாவை நான் நியாயப்படுத்த வரவில்லை. இழுப்பறையை வீசி மனைவியின் நெற்றியைக் கிழித்தவர் அவர். கைக்குழந்தை பாலின் தலைமயிரில் அந்த ரத்தம் சொட்டியது. குடி விஷயத்தில் அம்மா பக்கம்தான் நியாயம். ஆனால் அதே ஆள் ஒரு மாலையில் சுரங்க வெடிக்குத் திரி செய்யக் கோதுமைத் தாளைத் துண்டு துண்டாக நறுக்கித் தருகிறார்; பிள்ளைகள் வெடிமருந்தை நிரப்ப, பால் கட்டைவிரல் நகத்தில் சோப்பை எடுத்து வாயை அடைக்கிறான். தன் உள்ளங்கைக் கோடு வழியாகக் கறுப்புப் பொடி இறங்குவதை ஆசையாகப் பார்க்கிறான். வேலையைப் பற்றி அப்பா பேசப்பேச அந்த வீடு ஒன்றாகிறது.

நூலைப் போல சேலை என்கிறோமே, ஒரு நூலில் சேலை வருமா? நெடுக்கே ஓடும் பாவு வேண்டும், குறுக்கே ஓடும் ஊடையும் வேண்டும். இது நம் பெரியவர்களுக்குத் தெரியும். அம்மாக்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்: பிள்ளைக்கு நல்ல தமிழ் சொல்லிக்கொடுங்கள், ஆங்கிலமும் சொல்லிக்கொடுங்கள். "அப்பா மாதிரி பேசாதே" என்று மட்டும் அதட்டாதீர்கள். ஆசிரியர்களுக்கும் இதே வேண்டுகோள். கி. ராஜநாராயணன் கரிசல் சொற்களுக்கு ஓர் அகராதியே போட்டார். நம் தறிச் சொற்களை யார் எழுதிவைப்பது?

காதல் பகுதியை விட்டுவிடுகிறேன், நேரமாகிவிட்டது. நூலகர் மேசையில் இன்று ஒரு பெரிய நோட்டு வைத்திருக்கிறோம். வீட்டில் அப்பாவிடம், தாத்தாவிடம் கேட்டு வந்து எழுதுங்கள். முதல் பக்கத்தில் என் அப்பா சொன்ன நான்கு சொற்கள் இருக்கின்றன: பாவு, ஊடை, தார், நாடா. ஐந்தாவதிலிருந்து உங்களுடையது.