சாயங்கால ரயிலுக்கு வந்தவர்

(நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு படத்திறப்பில் பேசியது, எழுத்தில்)

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

ஐந்து நிமிஷம் என்று சொல்லித்தான் மைக்கைக் கொடுத்திருக்கிறார்கள். அண்ணன் இருந்திருந்தால், "அவன்கிட்ட ஏன்டா குடுத்தீங்க, மேட்டூர்த் தண்ணி கடைமடைக்கே போயிடும், இவன் முடிக்க மாட்டான்" என்று சொல்லியிருப்பார். அவர் சொல்லாததால் கொஞ்சம் கூடுதலாகவே பேசுகிறேன்.

நம் பக்கத்தில் ஒருவர் போய்விட்டால் "குடும்பமே கதின்னு இருந்தாரு" என்பார்கள். இல்லையென்றால் "சிநேகிதனுக்காக எதையும் செய்வாரு" என்பார்கள். ஒரே ஆளுக்கு இரண்டையும் சொல்லி நான் கேட்டதில்லை. இரண்டாவது வகை ஆட்களின் வீட்டில் பெண்களிடம் கேட்டால் கதை வேறாக இருக்கும். அண்ணனுக்கு மட்டும் இரண்டும் எப்படி அமைந்தது என்று இந்தப் பதினாறு நாளும் யோசித்தேன். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். எல்லாம் அந்த ரயிலால் வந்தது.

1994. மகள் தஞ்சாவூரில் கல்லூரியில் சேர்ந்த வருஷம். அப்போது மீட்டர் கேஜ் வண்டி. காலையில் சைக்கிளில் கொண்டுபோய் ஏற்றிவிடுவார். சாயங்காலம் வண்டி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே ஸ்டேஷனுக்கு வந்து நிற்பார். "ஏண்ணே, வண்டிதான் எப்பவும் லேட்டாச்சே, இவ்வளவு சீக்கிரம் எதுக்கு?" என்று ஒரு நாள் கேட்டேன். "பொண்ணு இறங்கும்போது அப்பன் நிக்கணும்டா. அப்பன் வரும்போது பொண்ணு நின்னுக்கிட்டிருக்கக் கூடாது" என்றார்.

அந்த ஒரு மணி நேரத்துக்குத் துணையாக எதிர் டீக்கடையில் உட்கார ஆரம்பித்தோம். நான், வாய்க்கால் பார்க்கும் லஸ்கர், ஒரு தையல்காரர், அப்புறம் பார்சல் லாரி ஆபீஸில் கணக்கு எழுதியவர். இவர்தான் கடைசியாகச் சேர்ந்தார், ஆனால் சத்தம் அவருடையதுதான் அதிகம். நீடாமங்கலத்து ரயில்வே கேட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தடவை மூடினால் டீ குடித்து, பேப்பர் படித்து, ஒரு சண்டையும் போட்டு முடித்துவிடலாம். எங்கள் நட்பில் பாதி அந்த கேட்டுக்கு இந்தப் பக்கம் வளர்ந்தது.

சாயங்காலம் கூடுகிற ஆண்களுக்கு இன்னொரு கடைக்கும் ஒரு வழி உண்டு. எந்தக் கடை என்று உங்களுக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் கல்லூரிப் பிள்ளை வந்து இறங்கி, "மாமா, இன்னைக்கு டீக்கு யார் காசு?" என்று ஆள் ஆளாகக் கேட்கப்போகிறது. அந்தப் பிள்ளை முன்னால் எந்த வாயை வைத்துக்கொண்டு நிற்பது? அண்ணன் எங்களுக்கு ஒரு வார்த்தை புத்தி சொன்னதில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார், நாங்களும் பின்னாலேயே போவோம். திண்ணையில் உட்காருவோம். அண்ணி உள்ளே இருந்து "எத்தனை தோசை?" என்பார். பத்து வருஷத்தில் எத்தனை தோசை என்று கணக்குப் போட்டால் எங்களுக்குத்தான் அசிங்கம்.

படிப்பு முடிந்து, கல்யாணமும் ஆகி, மகள் திருச்சிக்குப் போய்விட்டது. அதற்கு அப்புறமும் மனுஷன் அதே நேரத்துக்கு ஸ்டேஷனுக்கு வந்தார். "இப்ப யாரு இறங்கப் போறா?" என்று அண்ணி கேட்டதற்கு, "வண்டி வருதுல்ல?" என்றாராம்.

பூவனூரில் சதுரங்கம் ஆடி ஜெயித்த சாமி இருக்கிறார். இத்தனை பக்கத்தில் இருந்தும் அந்தக் கடாட்சம் அண்ணன் மேல் விழவே இல்லை. சீட்டில் அவர் ஜெயித்து நான் பார்த்ததில்லை. கையில் நல்ல சீட்டு வந்தால் முகமே சொல்லிவிடும்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் 12 மேட்டூர் திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணை. அங்கிருந்து வெண்ணாற்றில் நம் பக்கம் புதுத்தண்ணீர் வரும் அன்று எங்கள் எல்லோரையும் மூணாறு தலைப்புக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார். வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று தண்ணீர் பிரிவதை ஷட்டர் பக்கத்தில் நின்று பார்ப்பார். முதலில் சருகும் நுரையும்தான் வரும். அதைப் பார்த்து அப்படி ஒரு சிரிப்பு. 2012-லிருந்து எட்டு வருஷம் ஜூன் 12-ல் அணை திறக்கவில்லை. அந்த எட்டு வருஷமும் 12-ஆம் தேதி அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டோம். 2020-ல் திறந்தபோது கொரோனா. முகக்கவசம் கட்டிக்கொண்டு தலைப்பில் நின்றோம்.

இப்போது நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருகிற விஷயம் இல்லை. 2003. மேட்டூரை நம்பிக் குறுவை போட முடியாத வருஷம். சம்பாவுக்கு முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். எங்கள் முறை ராத்திரியில் வந்தது. என் வயலும் அண்ணன் வயலும் ஒரே வாய்க்காலில் அடுத்தடுத்து. இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தால் என் மடை மண் வைத்து அடைத்திருக்கிறது, அவர் மடை திறந்திருக்கிறது. அண்ணன் அஞ்சு செல் டார்ச்சோடு வரப்பில் நிற்கிறார். வாயில் வந்ததை எல்லாம் பேசினேன். அவருடைய அப்பாவைக்கூட விடவில்லை. அவர் ஒன்றும் பேசவில்லை. டார்ச்சை என் வயல் பக்கம் அடித்துக் காட்டினார். அதைப் பார்க்காமல் நான் திரும்பி வந்துவிட்டேன்.

எட்டு மாசம் பேச்சு வார்த்தை இல்லை. அந்த எட்டு மாசமும் படுக்கையில் கிடந்த என் அம்மாவுக்கு அவர் வீட்டிலிருந்து பால் வந்தது. அதே தூக்குவாளி, அதே ஆறு மணி. "பேசறதில்லன்னா மாடு கறக்காதா?" என்று அண்ணியிடம் சொன்னாராம். கோடையில் வரப்பு வெட்ட வந்த ஆள்தான் எனக்கு விஷயத்தைச் சொன்னார். அன்று ராத்திரி என் கீழண்டை வரப்பில் நண்டு வளை உடைந்து, பாய்ந்த தண்ணீர் பூராவும் வடிகாலுக்குப் போயிருக்கிறது. அதை அடைக்கத்தான் அண்ணன் என் மடையை மூடியிருக்கிறார். உடைப்பில் அவர் வைத்த வைக்கோல் பிரி காய்ந்துபோய் அங்கேயே இருந்தது. நேராக ஸ்டேஷனுக்குப் போனேன். "ஏண்ணே சொல்லல?" என்றேன். "நீ கேக்கல" என்றார். அப்புறம் டீ சொன்னார்.

குறையே இல்லாத மனுஷன் என்று சொல்ல மாட்டேன். ஜாமீன் கையெழுத்து என்றால் படிக்காமலே போட்டுவிடுவார். என் பையன் படிப்புக்காக அண்ணியின் நாலு பவுன் செயின் ஒன்றரை வருஷம் அடகில் இருந்தது. அதை அண்ணியிடம் கேட்டு வாங்கினாரா, சொல்லிவிட்டு எடுத்தாரா என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. அண்ணி அந்தப் பக்கம் பார்த்துச் சிரிப்பதைப் பார்த்தால் எதுவென்று தெரிகிறது. அந்தக் கோபம் நியாயமானது அண்ணி, அதில் பாதி எனக்குச் சேர வேண்டியது.

2018 நவம்பர் 16, கஜா அடித்த காலை. தெருவில் விழுந்த மரங்களை வெட்ட அரிவாளோடு முதலில் வந்தது அவர்தான். சாயங்காலம்தான் தன் தென்னைகளைப் போய்ப் பார்த்தார். நாலு மிச்சம்.

சரி, எனக்குக் கொடுத்த நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. அண்ணி, ஒரே ஒரு விஷயம். தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான், அவனால் வர முடியாது. இந்த வருஷம் முறைத்தண்ணீர் ராத்திரியில் வந்தால் உங்கள் மடையை நான் பார்த்துக்கொள்கிறேன். வளை இருக்கிறதா என்று வரப்பு முழுக்க நடந்து பார்த்துவிடுகிறேன். அந்த அஞ்சு செல் டார்ச்சை மட்டும் எடுத்து வையுங்கள். செல் நான் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன்.