தன் படமே ஏலத்துக்குப் போன ஓவிய வியாபாரி

[திரையில்: பழுப்பும் சாம்பலும் கலந்த ஓவியம்]

இந்தப் படத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். சட்டென்று தெரியாது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருங்கள். கீழே கோர்த்த இரண்டு கைகள், மேலே ஒரு கற்றை முடி, நடுவில் கடிகாரச் சங்கிலி. 1910-ல் பிக்காசோ வரைந்தது. உட்கார்ந்திருப்பவர் டேனியல்-ஹென்றி கான்வைலர், பிக்காசோவின் படங்களை விற்றவர்.

விற்றவர் என்பதைவிட வாங்கிச் சேர்த்தவர் என்று சொல்லலாம்.

ஜெர்மனியின் மான்ஹைமில் 1884-ல் பிறந்த யூதர். வீட்டார் வங்கி வேலைக்குப் பழக்கினார்கள். அவருக்கோ மனசெல்லாம் ஓவியத்தில். சரி, 25,000 ஃபிராங்க், ஒரு வருஷம் அவகாசம், தேறவில்லை என்றால் பழைய வேலைக்கே திரும்ப வேண்டும் என்று குடும்பம் ஒத்துக்கொண்டது.

[திரையில்: பாரிஸ், வின்யோன் தெரு 28]

1907. போலந்துக்காரத் தையல்காரர் ஒருவர் வைத்திருந்த கடையைப் பிடித்தார். நீளம் நாலு மீட்டர், அகலமும் நாலு மீட்டர், அவ்வளவுதான். அடுத்த ஆண்டு ஒரு பெரிய கண்காட்சியின் தேர்வுக்குழு ப்ராக் என்ற ஓவியரின் படங்களைத் தள்ளிவிட, கான்வைலர் அவற்றை இந்தச் சின்ன அறையில் மாட்டினார். எல்லாவற்றையும் கனசதுரமாக்கிவிட்டார் என்று விமர்சகர் வாக்ஸெல் எழுதினார். ப்ராக்கும் பிக்காசோவும் வரைந்த இந்தப் பாணிக்கு 'கியூபிசம்' என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

அப்புறம் கண்காட்சி நடத்துவதையே கிட்டத்தட்ட விட்டுவிட்டார். விளம்பரம் கிடையாது. மாஸ்கோவின் ஓவியச் சேகரிப்பாளர் ஷுகின் போன்ற நாலைந்து பேர் தேடி வந்து வாங்கினால் போதும். ஓவியர்களிடம் மட்டும் கறாரான ஒப்பந்தம்: வரைவது எல்லாம் எனக்கே. 1912 டிசம்பரில் பிக்காசோவும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டார். விலை கான்வாஸின் அளவைப் பொறுத்தது. தையல்காரர் இருந்த இடம் என்பதாலோ என்னவோ, இங்கே படத்துக்கும் அளவெடுத்துத்தான் பணம்!

ஓவியருக்கு இதில் என்ன லாபம்? பணம் உறுதி. யாருக்குப் பிடிக்கும் என்று யோசிக்காமல் வரையலாம். யாருக்கும் புரியாத படங்கள் வருஷக்கணக்கில் வந்துகொண்டே இருந்ததற்கு இந்த ஏற்பாடு ஒரு பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

சரக்கை மெல்ல மெல்லத்தான் வெளியே விட வேண்டும். அதுதான் அவருடைய கணக்கு.

[திரையில்: 1914]

போர் வந்தது. கான்வைலர் இன்னும் ஜெர்மன் குடிமகன். விடுமுறைக்கு இத்தாலி போயிருந்தவர் சுவிட்சர்லாந்தில் தங்கிவிட்டார். கடைச்சரக்கு மொத்தத்தையும் எதிரி நாட்டுச் சொத்து என்று பிரெஞ்சு அரசு முடக்கியது. பிறகு 1921 முதல் 1923 வரை, பாரிஸின் ட்ரூவோ ஏல மாளிகையில் நான்கு ஏலங்கள். நூற்றுக்கணக்கான படங்கள் ஒரே சமயத்தில் சந்தையில் கொட்டப்பட்டன. விலை சரிந்தது.

முதல் ஏலத்தின்போது ப்ராக், ஏல நிபுணராக இருந்த லியோன்ஸ் ரோசன்பெர்க்கை அங்கேயே அடித்துவிட்டார். கோபம் இருக்காதா? பிரான்சுக்காகப் போரில் தலையில் குண்டடி பட்டவர் அவர். அவர் படங்கள்தான் எதிரியின் சொத்து!

கான்வைலர் 1920-லேயே நண்பர் பெயரில் கேலரி சிமோன் என்று மறுபடி ஆரம்பித்திருந்தார். நாஜி ஆக்கிரமிப்பில், 1941-ல், அதுவும் மைத்துனி என்று அறியப்பட்ட லூயிஸ் லெய்ரிஸின் பெயருக்கு மாறியது. போருக்குப் பின் பிக்காசோவின் முக்கிய விற்பனையாளர் மறுபடியும் அவரே. 1979-ல் இறந்தார்.

[திரையில்: மீண்டும் அதே ஓவியம்]

முதலில் பார்த்த இந்தப் படமும் அந்த ட்ரூவோ ஏலங்களில்தான் கைமாறியது. இப்போது சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டில் மாட்டியிருக்கிறார்கள். கைகளை மறுபடி தேடிப் பாருங்கள், கீழே, நடுவில்.